ஆயரின் மகள் சொன்ன புத்தி

சூலு யுத்தத்துக்குக் காரணங்கள் மூன்று என்று பதினொரு வருடம் படிப்பித்திருக்கிறேன். கொழும்பில் ஒரு பெண்கள் பாடசாலையில், பத்தாம் வகுப்பில், பிரித்தானியப் பேரரசின் விரிவு என்ற அலகின் கடைசியில் அது வரும். ஒன்று, எல்லைத் தகராறு. இரண்டு, சூலு அரசரின் பெருஞ்சேனை அயலில் குடியேறியிருந்த வெள்ளைக்காரருக்கு அச்சம் தந்தது. மூன்று, சேனையைக் கலைக்கும்படி கொடுத்த தவணைக்குள் அரசர் அதைச் செய்யவில்லை. பிள்ளைகள் மூன்றையும் இலக்கமிட்டு எழுதி அடியில் கோடு போடுவார்கள். நான் சரி போடுவேன். அந்த அரசருக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று ஒரு பிள்ளை கூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் எனக்குத் தெரிந்திராது. புத்தகத்தில் அந்தப் பந்தி போரோடு முடிந்துவிடும். அடுத்த பந்தி சூயஸ் கால்வாய்.

அந்தப் பாடத்தை மறுபடி திறந்தவள் என் மகள். ஒக்லாந்தின் ரானுயியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், அங்கே குளிர்காலமான ஆனி மாதத்தில், நனைந்த பையை மேசையில் போட்டுவிட்டுச் சொன்னாள்.

"அம்மா, சோஷல் ஸ்டடீஸில ஒரு ப்ரொஜெக்ட். பிரிட்டிஷ்காரரை எதிர்த்த ஒரு ராசா. மாவோரி கிங்கை மற்றப் பிள்ளையள் எடுத்திட்டினம். எனக்கு சூலு கிங். உங்களுக்குத் தெரியுமே?"

"தெரியாமல்? அதைத்தானே படிப்பிச்சனான். காரணங்கள் மூண்டு."

"காரணம் கேக்கேல்லை அம்மா. அவருக்கு என்ன நடந்ததெண்டு எழுதட்டாம்."

நான் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டேன். நூலகத்தில் புத்தகம் இருக்கும், சனிக்கிழமை ஹெண்டர்சனுக்குப் போவோம் என்றேன்.

நாங்கள் ஒக்லாந்துக்கு வந்து அப்போது ஒன்றரை வருடம். எண்பத்து மூன்று ஆடியில் கொழும்பு வீடு எரிந்த பிறகு கப்பலில் யாழ்ப்பாணம் போய், என் தம்பி வீட்டில் ஒதுங்கி, என் கணவரின் பொறியியல் பட்டத்தை வைத்து விண்ணப்பித்துக் காத்திருந்து பெற்ற விசா. அது கையில் கிடைத்த நேரம் எங்கள் மூத்தவனுக்கு வயது கடந்துவிட்டது. அவன் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். ஆறு மாதத்தில் எடுத்துவிடலாம் என்று நம்பி, அவனைத் தம்பியிடம் விட்டுவிட்டு மூன்று பேராக விமானம் ஏறினோம். விட்டுவிட்டு என்பதற்கு வேறு சொல் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

கணவருக்கு மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு தொழிற்சாலையில் வரைபடம் கீறும் வேலை. எனக்கு நியூ லின்னில் மழை அங்கி தைக்கும் இடத்தில் கழுத்துப் பட்டி வைக்கும் வேலை. ரயிலில் போய் வருவேன். ரயிலில் எதிரே இருக்கும் பெடியன்களின் கைகளைப் பார்த்துக்கொண்டு போவது அந்நாட்களில் எனக்குப் பழக்கமாகிவிட்டது. காரணம் மகனின் ஒரு கடிதம். நாங்கள் வந்து எட்டாம் மாதம் ஒரு சுற்றிவளைப்பில் இராணுவத்தினர் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பதினொரு நாள் ஒரு முகாமில் வைத்திருந்து விட்டுவிட்டார்கள். வழக்கு இல்லை, எழுத்தில் ஒன்றும் இல்லை. அதைப் பற்றி அவன் எழுதியது ஒரே ஒரு வரி. "அம்மா, பெருவிரல் ரெண்டும் கொஞ்சம் நோ, மற்றபடி சுகம்."

அந்த வரி கிடைத்த கிழமையே நான் பெட்டிசம் எழுத உட்கார்ந்தேன்.

பெட்டிசம் என்பது எங்கள் ஆட்களுக்கு விண்ணப்பத்துக்கும் மேலான ஒன்று. கந்தோரில் ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க எங்களால் முடியாது. கூடவே ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் வைக்க வேண்டும். தாழ்மையுடன் தொடங்கி, பட்ட துன்பம் எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கி, ஒன்றையும் மறைக்காமல் சொல்லி, தங்கள் நீண்ட ஆயுளுக்காக என்றென்றும் பிரார்த்திப்பேன் என்று முடிக்க வேண்டும். மறைத்தால் கள்ளன் என்பார்கள், சொன்னால் இரங்குவார்கள். இதுதான் அதன் விதி. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் இருந்த பெண்களுக்கெல்லாம் நான்தான் எழுதிக் கொடுப்பேன். ஓய்வூதியம், இடமாற்றம், தண்ணீர் இணைப்பு. பல பலித்தும் இருக்கின்றன. அதனால் எனக்கு என் கையில் ஒரு நம்பிக்கை.

விசா அலுவலகத்தின் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. குற்றம் ஏதும் செய்து தண்டனை பெற்றதுண்டா? இல்லை என்று கணவர் எழுதினார். நான் இரண்டு பக்கமும் தட்டெழுத்தில் அடித்து இணைத்தேன். சுற்றிவளைப்பு, பதினொரு நாள், பெருவிரல்கள், எல்லாம் அதில் இருந்தன.

கணவர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இஞ்சேரும். தண்டனை கிடைச்சதோ எண்டுதான் கேட்டிருக்கு. இல்லை எண்டாச்சு. கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொன்னால் போதாதோ?"

"பிறகு தெரியவந்தால் மறைச்சதெண்டு சொல்லுவினம்."

"ஆர் சொல்லுறது? அவையள் என்ன கொழும்புக்குப் போய் விசாரிக்கப் போகினமோ?"

"அறிஞ்சால் இரங்குவினம். மனுசர்தானே."

"உமக்குப் பெட்டிசம் எழுதாட்டில் சோறு செமிக்காது," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கையெழுத்தும் போட்டார்.

இதற்குப் பதில் வருமுன்தான் மகளின் சூலு அரசர் எங்கள் வீட்டுக்கு வந்தது.

நூலகப் புத்தகம் தடித்தது. மகள் வாசித்துக் குறிப்பெடுப்பாள். நான் கீரை ஆய்ந்துகொண்டோ உடுப்பு மடித்துக்கொண்டோ கேட்பேன். அரசருக்குக் கொடுத்த தவணை முப்பது நாள். அது மாரி காலம், ஆறுகள் பெருகிக் கிடந்தன, ஆட்களைக் கூட்ட நேரம் வேண்டும் என்று அரசர் தூது மேல் தூது அனுப்பியிருக்கிறார். தவணை முடிந்ததும் படை ஆற்றைக் கடந்துவிட்டது. முதற் சண்டையில் சூலுக்கள் வென்றதை நான் ஒரு வசனத்தில் படிப்பித்திருந்தேன், துரதிர்ஷ்டம் என்ற சொல்லோடு. பிறகு தலைநகரை எரித்தார்கள். அரசரைக் காட்டில் பிடித்துக் கப்பலில் ஏற்றித் தெற்கே கொண்டுபோய்க் கோட்டையில் வைத்தார்கள்.

"அங்க இருந்து அவர் என்ன செய்தவர் தெரியுமே அம்மா? கடிதம் எழுதினவர். எழுதத் தெரியாது, சொல்லச் சொல்ல ஒராள் எழுதினது. ராணிக்கு, கவர்னருக்கு, பாதர்மாருக்கு. உங்களைப் போல."

"பேந்து?"

"பேந்து லண்டனுக்குக் கூட்டிக்கொண்டு போய், ராணியைக் கொஞ்ச நேரம் காட்டினவை. கோட் சூட் போட்ட படம் இருக்கு, பாருங்கோ."

பார்த்தேன். பெரிய உடம்பு. கோட்டின் பொத்தான்கள் இழுபட்டுக்கொண்டிருந்தன. கமராவைப் பார்க்காமல் அதற்குச் சற்று மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். விமான நிலையத்தில் என் கணவரும் அப்படித்தான் நின்றார்.

அவர் ஊரில் இல்லாத காலத்தில் சூலு மக்கள் பெருங்கூட்டமாகப் பல நாள் நடந்து ஆங்கிலேயரின் நகரத்துக்கு வந்து, அரசரைத் திருப்பித் தரும்படி கேட்டார்களாம். அவருடைய எலும்பைத் தாருங்கள் என்பது அவர்கள் கேட்ட விதம் என்று புத்தகம் சொன்னது. உங்கள் பகுதி அதிகாரியிடம் அனுமதி எடுக்காமல் எப்படி வந்தீர்கள் என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எலும்பு என்று ஏன் கேட்டார்கள் என்று மகள் கேட்டாள். அது அவர்களுடைய பேச்சு வழக்கு என்று சொல்லிச் சமாளித்தேன். கடைசியில் அரசரைத் திருப்பி அனுப்பத்தான் செய்தார்கள். நாட்டைத் துண்டு துண்டாக்கி, பகைவர்களுக்கும் பங்கு கொடுத்து, நடுவில் ஒரு துண்டில் அவரை இறக்கிவிட்டார்கள். பகைவர்கள் வந்து அவருடைய இருப்பிடத்தை எரித்தார்கள். ஒரு வருடத்துக்குள் செத்துப்போனார்.

தொழிற்சாலையில் என் பக்கத்து இயந்திரத்தில் இந்த நாட்டுப் பூர்வகுடியான ஒரு மாவோரிப் பெண் கை வைத்துக்கொண்டிருந்தாள். அங்கியின் கையைத்தான் சொல்கிறேன். என் வயதுதான், ஆறு பிள்ளைகளின் தாய், வைக்கத்தோ பக்கத்துக்காரி. தேநீர் நேரத்தில் மகளின் பாடத்தைப் பற்றிச் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"எங்கட அரசரும் லண்டனுக்குப் போனவர், உனக்குத் தெரியாதே? காணி பறிபோச்செண்டு ராணியிட்ட முறையிட. அவரை ராணியிட்ட விடவே இல்லை. ஒரு மந்திரி வந்து, உங்கட ஊர் அரசாங்கத்தைக் கேளுங்கோ எண்டு சொல்லி அனுப்பிட்டான். அந்த அரசாங்கத்தைப் பற்றித்தானப்பா அவர் முறையிடப் போனது!"

"அதுக்குப் பிறகும் எழுதினவையோ?"

"எழுதாமல்? எங்கட ஆக்கள் எழுதின கடிதத்தை எல்லாம் அடுக்கினால் இந்தக் கட்டிடம் காணாது. நீங்களும் எழுதுறனீங்களோ ராணிக்கு?"

"எங்களுக்கு விசா கந்தோர்தான்."

"அப்ப நீ கொஞ்சம் முன்னேறியிருக்கிறாய்," என்று சொல்லி என் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்.

அந்தக் கிழமை வெள்ளிக்கிழமை விசா அலுவலகத்தின் கடிதம் வந்தது. நல்ல கடிதம். தங்கள் மகனின் அனுபவம் குறித்து வருந்துகிறோம் என்றுகூட இருந்தது. ஆனால் தாங்களே குறிப்பிட்டிருக்கும் கைது தொடர்பாக, அவர்மீது குற்றச்சாட்டு எதுவும் நிலுவையில் இல்லை என அந்நாட்டுப் பொலிஸ் தரும் அத்தாட்சி ஒன்று தேவை, அது கிடைத்ததும் விண்ணப்பம் மேற்கொண்டு பரிசீலிக்கப்படும் என்று முடிந்தது.

தாங்களே குறிப்பிட்டிருக்கும். கணவர் அந்த இடத்தில் விரலை வைத்தார். நான் அப்பவே சொன்னனான் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் சண்டை பிடித்து அழுதிருப்பேன். அவர் எழுந்துபோய்க் கொடியில் ஈரமாகவே கிடந்த உடுப்புகளை எடுத்துக்கொண்டு வந்தார்.

என் மகளுக்கு இது தெரியாது. எல்லாரிடமும் கேட்கிற அத்தாட்சிதான் அண்ணாவிடமும் கேட்டார்கள் என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள். வாயால் சொல்ல எத்தனையோ தடவை வெளிக்கிட்டேன். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், வாசிப்பதில்லை. ஒருநாள் வாசிக்கட்டும்.

அத்தாட்சி எடுக்க மகன் நேரில் கொழும்புக்குப் போக வேண்டும். தம்பியின் கடையில் தெலிபோன் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பின்நேரம் அழைப்புப் பதிந்து எடுத்தேன். அங்கே காலை. தம்பிதான் முதலில் எடுத்தான்.

"அக்கா, விசர்க் கதை கதையாதேங்கோ. பிடிச்சவனிட்டையே போய், நீ என்னைப் பிடிச்சது பிழையெண்டு எழுதித் தா எண்டு கேக்கிறதோ?"

"பிழையெண்டு எழுதத் தேவையில்லை. வழக்கில்லை எண்டு எழுதினால் காணும். ஒரு வெளிநாட்டு அரசாங்கத்தின்ர கடிதம் கையில இருக்கு. மதிப்பினம்."

"இஞ்ச பெடியன்கள் ஒழுங்கை தாண்டவே யோசிக்கிறாங்கள், நீங்கள் கொழும்புக்கு அனுப்பச் சொல்லுறியள்."

"வேற வழி இருந்தால் சொல்லு."

"சும்மா இருக்கிறதுதான் வழி. இவனை வள்ளத்தில இந்தியாவுக்கு அனுப்பிவிடுறன். அங்கயிருந்து பாப்பம்."

"கள்ளமாப் போனவனுக்கு நாளைக்கு ஆர் விசா குடுப்பினம்? அவன் என்ன குற்றவாளியே ஒளிச்சோட?"

பிறகு மகன் வந்தான். குரல் கொஞ்சம் தடித்திருந்தது.

"என்னம்மா, அங்க ஆக்களைவிட ஆடுதான் கூடவாமே. எனக்கொரு ஆட்டு விசா எண்டாலும் எடுத்துத் தாங்கோவன்."

"பகிடி விடாதை. மாமா சொன்னவரே?"

"ஓம். மாமா போகவேண்டாம் எண்டுறார். நீங்கள் என்ன சொல்லுறியள்? போகட்டே?"

நான் ஆசிரியை. வகுப்பில் ஒரு பிள்ளை சந்தேகம் கேட்டால் நான் தயங்கமாட்டேன்.

"நீ ஒரு பிழையும் செய்யேல்லை, அப்பன். ஒளிச்சால்தான் சந்தேகப்படுவாங்கள். நீயாப் போய் முன்னுக்கு நில். கடிதத்தைக் காட்டு. மாமாவைக் கூட்டிக்கொண்டு போ. வெள்ளைச் சேட்டுப் போடு."

"சரி அம்மா," என்றான். "நீங்கள் சொன்னால் சரி."

கடிதம் பத்து நாளில் அவன் கைக்குப் போய்ச் சேர்ந்தது. திங்கட்கிழமை கொழும்புக்கு வெளிக்கிடுகிறார்கள், செவ்வாய் காலை பொலிஸ் நிலையம் என்று தம்பி தந்தி அடித்திருந்தான்.

அதற்கு முந்திய சனிக்கிழமை மகள் ப்ரொஜெக்டின் கடைசிப் பகுதியை எழுதிக்கொண்டிருந்தாள். வெளியே மழை பக்கவாட்டில் அடித்தது. நான் மேசையின் மறுபக்கத்தில் அவளுடைய சீருடைப் பாவாடையின் விளிம்பை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் குளிர்காலத்தில் அவள் திடீரென்று வளர்ந்துவிட்டாள்.

"அம்மா, கிங்குக்கு ஒரு மகன் இருந்தவர். அப்பா சாகேக்க என்னைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. அவரும் சண்டை பிடிச்சவர். பிறகு ஆமி தேடுது, ஒளிச்சுத் திரியிறார். கேளுங்கோ, இதுதான் இன்ரஸ்டிங். அவரைப் பிடிக்கேல்லை. அவரே போய்ச் சரணடைஞ்சவர். காட்டில இருந்து வந்து, ரயில் ஏறி, பிரிட்டிஷ்காரரின்ர ரவுனுக்கே போய், இந்தா நான் வந்திட்டன் எண்டு."

ஊசியை வைத்துவிட்டேன்.

"ஏனாம்?"

"ஒரு பிஷப்பின்ர மகள் இருந்தவ. வெள்ளைக்காரி. நல்லவ, சூலு ஆக்களுக்காகத்தான் கதைக்கிறவ. அவதான் சொன்னது, ஒளிக்காதை, நீயாப் போய் நில், எங்கட சட்டம் நீதியாத்தான் நடக்கும் எண்டு. அவர் நம்பினவர்."

"என்ன நடந்தது?"

"ராசத் துரோகம் எண்டு கேஸ் போட்டு, பத்து வருஷம். ரெண்டு சித்தப்பாமாரோட கப்பலில ஏத்தி, கடலுக்கு நடுவில ஒரு தீவுக்கு. ஏன் அம்மா அவ அப்பிடிச் சொன்னவ? ஓடச் சொல்லியிருக்கலாமே?"

இந்த இடத்தில் நான் என்ன செய்தேன் என்பதை மாற்றி எழுத எனக்குப் பலமுறை மனம் வந்திருக்கிறது. அழைப்புப் பதிந்தேன் என்று, லைன் கிடைக்கவில்லை என்று. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அன்று சனிக்கிழமை. அவர்கள் திங்கட்கிழமைதான் வெளிக்கிடுவதாக இருந்தது. தெலிபோன் எனக்கு எட்டடி தூரத்தில் சுவரில் இருந்தது. நான் பாவாடையை எடுத்து மறுபடி மடியில் போட்டுக்கொண்டு மகளுக்குப் பாடம் சொன்னேன்.

"அவ சட்டத்தை நம்பினவ. நம்பாட்டில் அவ சூலுக்களுக்காக என்னத்தை வைச்சுக் கதைக்கிறது? ஓடினவனுக்காக ஒருத்தரும் கதைக்கேலாது. நேர நிண்டவனுக்காகத்தான் கதைக்கலாம். அது அந்தக் காலம். அரசன் மகன், சண்டை பிடிச்சவன். சாதாரண ஆக்களுக்கு அப்பிடி நடக்காது."

மகள் அதைக் குறிப்பிலும் எழுதிக்கொண்டாள். சட்டத்தை நம்பினார் என்று ஆங்கிலத்தில், என்னைப் பார்த்துச் சொற்களைச் சரிபார்த்து.

செவ்வாய்க்கிழமை முழுதும் தொழிற்சாலையில் மணிக்கூட்டைப் பார்த்து அங்கத்தைய நேரத்தைக் கழித்துக் கழித்துக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே நாங்கள் வேலை விட்டு ரயிலில் வருகிற நேரம்தான் அங்கே அலுவலகங்கள் திறந்திருக்கும். அன்று அழைப்பு வரவில்லை. புதன்கிழமை வீட்டுக்கு வந்து, கோட்டைக் கழற்றாமல் அரிசி கழுவிக்கொண்டிருந்தபோது வந்தது. கணவர் எடுத்து, "சொல்லு," என்றார். பிறகு என்னிடம் நீட்டினார். ஈரக் கையோடு வாங்கினேன்.

"அக்கா," என்றான் தம்பி. "உள்ள போனவன் வரேல்லை."

வாசலில் தம்பியை நிறுத்திவிட்டு அவனை மட்டும் உள்ளே விட்டிருக்கிறார்கள். காலை ஒன்பது மணி. மத்தியானம் தம்பி கேட்டபோது எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்றார்களாம். பின்நேரம் ஆள் மாறி, அப்படி ஒருவர் வரவே இல்லை என்றார்களாம். வந்தவர் பெயர் எழுதும் புத்தகத்தைக் காட்டியிருக்கிறார்கள். அதில் அவன் பெயர் இல்லை. வெள்ளைச் சேட்டுப் போட்டவன், கையில் கடிதம் கொண்டு வந்தவன் என்று தம்பி சொல்லியிருக்கிறான். எந்தக் கடிதம் என்று கேட்டார்களாம்.

"நீங்கள் சொன்னனீங்கள் எண்டுதான் அக்கா கூட்டிக்கொண்டு வந்தனான்," என்றான். குற்றம் சாட்டவில்லை. சின்னப் பிள்ளை மாதிரிச் சொன்னான். லைன் இரைந்துகொண்டிருந்தது.

அடுத்து வந்த மாதங்களில் நான் எழுதிய பெட்டிசங்களுக்குக் கணக்கில்லை. அங்குள்ள அமைச்சர்கள், இங்குள்ள எம்பிமார், ஆயர்கள், சட்டத்தரணிகள். எல்லாரும் மரியாதையாகப் பதில் போட்டார்கள். இங்கிருந்து வந்த பதில்களின் சாரம் ஒன்றுதான். இது அந்த நாட்டு அதிகாரிகளிடம் கேட்கப்பட வேண்டிய விடயம். தேநீர் நேரத்தில் ஒரு கடிதத்தைப் பக்கத்து இயந்திரக்காரியிடம் காட்டினேன். அவள் வாசித்தாள். இந்த முறை சிரிக்கவில்லை. கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டு, உறையை என் கைக்குள் வைத்து, என் விரல்களைத் தானே மூடிவிட்டாள். மணி அடித்தும் கொஞ்ச நேரம் கையை விடவில்லை. மேற்பார்வைக்காரன் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

மகள் ப்ரொஜெக்டுக்கு நல்ல புள்ளி வாங்கினாள். அந்தக் கொப்பியைக் கொண்டுவந்து என் பக்கத்தில் இருந்தாள்.

"அம்மா, ஒண்டு சொல்லட்டே? கிங்கின்ர மகன் திரும்பி வந்தவர். பத்து வருஷம் ஆகேக்க அவரை விட்டிட்டினம். அந்த பிஷப்பின்ர மகள் விடாமல் எழுதி எழுதி, இங்கிலாந்துக்கே போய்க் கதைச்சு, கூட்டிக்கொண்டு வந்தவ. தீவில அவர் பியானோ எல்லாம் பழகினவராம்."

"ஓமே," என்றேன்.

"அப்ப அண்ணாவும் வரலாம்தானே."

"ஓம் பிள்ளை."

புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுக்க நான்தான் கொண்டுபோனேன். அதற்கு முன் வேலை விட்டு வரும் ரயிலில் மிச்சத்தை வாசித்துவிட்டிருந்தேன். அரசரின் மகன் திரும்பி வந்தது அரசராக அல்ல. அரசாங்கச் சம்பளத்துக்கு ஒரு சிறு பகுதித் தலைவனாக. சில வருடங்கள் போகத் தலைவரிக்கு எதிராகக் கலகம் எழுந்தது. அவர் கலகம் செய்யவில்லை, ஓடி வந்தவர்களுக்கு இடம் கொடுத்தார் என்று மறுபடி வழக்கு, மறுபடி சிறை. வெளியே விட்டபோதும் ஊருக்கு விடவில்லை. தூரத்து ஒரு பண்ணையில் வைத்தார்கள். அங்கேயே செத்தார். ஆயரின் மகள் அந்த வழக்கிலும் பக்கத்தில் இருந்தாள். அவள் மணம் முடிக்கவில்லை, கடைசிவரை எழுதிக்கொண்டிருந்தாள். தான் சொன்ன புத்தியைப் பற்றி அவள் என்ன நினைத்தாள் என்று புத்தகத்தில் தேடினேன். பின்னிணைப்பிலும் தேடினேன். அடுத்த நிலையமான ஸ்வான்சனில் இறங்க வேண்டிய ஒருவர் என் பையைத் தாண்டிப் போனபோதுதான் ரானுயி கடந்துவிட்டது தெரிந்தது.

எங்களுக்கு ஒரு திகதி இல்லை. திகதி இல்லாமல் திதி இல்லை. போன தையில் ஐயர் ஒருவரிடம் கேட்டபோது, பன்னிரண்டு வருடம் பார்த்துவிட்டுத் தர்ப்பையில் உருச்செய்து கிரியை செய்யலாம், சாத்திரத்தில் இடமுண்டு என்றார். கணவர் எழுந்து காருக்குப் போய்விட்டார். எலும்பைத் தாருங்கள் என்று அவ்வளவு தூரம் நடந்து போனவர்களை நான் அப்போது நினைத்தேன். மகளுக்கு அதைப் பேச்சு வழக்கு என்று சொல்லி வைத்திருந்தேன்.

சென்ற மாதம் காணாமற்போனவர்களைத் தேடும் ஒரு அமைப்பிலிருந்து படிவம் வந்தது. பெயர், வயது, உயரம், அடையாளம். பெருவிரல் இரண்டிலும் தழும்பு என்று எழுதினேன். அதை நான் கண்ணால் கண்டதில்லை. கடைசியாகக் கண்ட இடம் என்பதில் பொலிஸ் நிலையத்தின் பெயர். உடுத்திருந்தது வெள்ளைச் சேட்டு. கீழே அரைப் பக்கத்துக்கு ஒரு பெட்டி இருந்தது, நீங்கள் சொல்ல விரும்பும் வேறு விபரங்கள் என்று.

கணவர் எதிரே இருந்தார். அவர் கையில் பேனை இருந்தது, கையெழுத்துக்காக.

"ஏதும் எழுதப் போறீரோ?" என்றார்.

தட்டெழுத்து இயந்திரம் அலுமாரிக்கு மேலே, உறை போட்டபடி இருந்தது. அதை இறக்கித் தரட்டுமா என்பதுபோல அவர் பார்வை அங்கே போய் வந்தது. நான் பெட்டியை வெறுமையாக விட்டுப் படிவத்தை அவர் பக்கம் தள்ளினேன்.